கிளடிஸ் அன்ரியின் முதல் தெரிவு

"ரிஃப்காவை நான் எடுக்கமாட்டன். ஆனா நீங்களும் பிறகு சொன்ன சொல்லு மாறக்கூடாது."

தண்ணீர்க் குழாயடியில் போத்தலை நிரப்பிக்கொண்டிருந்தபோது இது என் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். கிளடிஸ் அன்ரி சுவரைப் பார்த்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தார். தோளில் ஒரு துணிப்பை.

நான் ஒன்றும் கேட்காதவள்போல் ஜிம்முக்குள் போய் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்தேன். யாருடனும் பேசத் தேவையில்லாத வேலை. அதனால்தான் வருடாவருடம் அதைக் கேட்டு வாங்குகிறேன்.

டோர்செட் பார்க்கில் எங்கள் பெண்பிள்ளைகளின் பாஸ்கெட்போல் லீக்குக்கு அன்று ட்ராஃப்ட். ஒவ்வொரு வருடமும் எல்லாப் பிள்ளைகளையும் பொதுவில் விட்டு, கோச்மார் முறைவைத்து ஒவ்வொருவராக எடுப்பார்கள். போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. அது கிளடிஸ் அன்ரியின் நீல அணி, தூரத்தில் ஸ்ரௌவ்வில்லில் பழகுகிற அணி.

கடைசியாக வந்ததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற கார்ட் ரிஃப்காதான். போன வருடம் அவளை லீக்கின் பாதியில் வீட்டில் மறித்துவிட்டார்கள். இந்த வருடமாவது முழுதாக விளையாடவேண்டும் என்று வந்திருந்தாள். போன வருடத்து நீல ஜேர்சியையே போட்டிருந்தாள். அதற்கு அதே நீலத்தில் முழுக்கை தைத்துக் கொடுத்தவர் கிளடிஸ் அன்ரி.

வெளியே பனி. உயரத்து ஜன்னல்களில் அது விழுகிறதா, மேலே ஏறுகிறதா என்று தெரியவில்லை. பந்துகளின் சத்தம் எங்கோ தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவது போலக் கேட்டது. ரிஃப்கா யாருமே இல்லாத ஒரு மூலைக்குப் பந்தை எறிந்தாள். பந்து போய்ச் சேர்வதற்குள் அங்கே ஒருத்தி வந்து நின்றாள். ரிஃப்கா அதைக் கனவில் முன்னமே பார்த்துவிட்டு வந்தவள்போல இருந்தது.

"ஸ்டெபனியும் வலு கெட்டிக்காரி. ஓட்டத்தைப் பாருங்கோ," என்றார் எனக்குப் பின்னால் இருந்த குணவதி அன்ரி.

"ஓடட்டும். தனக்கு இடக்கை எண்டு ஒண்டு இருக்கிறது அவளுக்கு இன்னும் தெரியாது," என்றார் இராசரத்தினம் அங்கிள். கையில் கோப்பிக் கப். "ரிஃப்கா ஓடுறதே தெரியாது. ஆனா பந்து போய்ச் சேர்ந்திடும். கார்ட் எண்டா உது! கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்."

விசில் கேட்டது. பிள்ளைகள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

"முதல் தெரிவு, நீலம்!"

ரிஃப்கா எழும்புவதற்குத் தயாராகக் கையைத் தரையில் ஊன்றினாள்.

"ஸ்டெபனி," என்றார் கிளடிஸ் அன்ரி.

"நானா? ஆர் யூ ஷுவர்?" என்றாள் ஸ்டெபனி.

ரிஃப்கா ஊன்றிய கையை எடுத்து, அவிழாத சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள்.

"என்ன விசர் வேலை உது!" என்றார் அங்கிள்.

"விசரில்லை. ஸ்டெபனியின்ர தாயும் கிளடிஸும் ஒரே ஊர், ஒரே சேர்ச்," என்றார் குணவதி அன்ரி.

"பாத்தியளே! கனடாவுக்கு வந்து இவ்வளவு காலமாச்சு, இன்னும் ஊர் பாக்கினம்." அங்கிள் ஒரு மிடறு குடித்தார். "அது சரி, உவன் சிவப்பு அணிக் கோச் வினோதன்ர தகப்பன் எந்த ஊர்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனின் மறுமுனையில் ஸ்டெபனியின் அம்மாவை வைத்து நானும் ஒரு கதையைக் கட்டி முடித்திருந்தேன்.

இரண்டாவது தெரிவு, போன வருடம் கடைசிக்கு முன்னால் வந்த வினோதனுடையது. சிவப்பு அணி, இதே ஜிம்மில் பழகுகிற அணி. அவன் யோசிக்கக்கூட இல்லை.

"ரிஃப்கா!"

"லொத்தர் விழுந்திட்டுது உவனுக்கு," என்றார் அங்கிள்.

எல்லாம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது ரிஃப்கா கிளடிஸ் அன்ரியிடம் வந்தாள்.

"பாதியில விட்டதுக்குத்தானே அன்ரி? நான் சொறி சொன்னனே."

கிளடிஸ் அன்ரி வாய் திறப்பதற்குள் ஜிம் கதவு திறந்தது. வீட்டுச் செருப்போடு, தோளில் பனியோடு ஒருவர் வந்தார். ரிஃப்காவின் வாப்பா, நிலாம்.

"எந்த டீம் புள்ள?"

"சிவப்பு." அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"ப்ராக்டிஸ் எங்க?"

"இங்கதான் வாப்பா."

நிலாம் கிளடிஸ் அன்ரியின் பக்கம் திரும்பினார்.

"போன்ல சொன்ன மாதிரியே செஞ்சிட்டீங்க மிஸ். போன வருஷம் நீங்களே கார்ல கொண்டுவந்து விட்டீங்க, இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா அந்தப் பனிக்குள்ள ஸ்ரௌவ்வில்லுல இருந்து இவ வந்து சேருமட்டும் இவட உம்மா ஜன்னலடியிலயே நிண்டா. அதாலதான் நிப்பாட்டினன். இதெண்டா றோட்டைக் கடந்தா வீடு. நானும் சொன்ன சொல்லு மாறமாட்டன். புள்ள விளையாடட்டும்."

இராசரத்தினம் அங்கிள் வெறும் கப்பை வாயில் வைத்து ஒரு மிடறு குடித்தார்.

ரிஃப்கா வாப்பாவைப் பார்த்தாள். பிறகு கிளடிஸ் அன்ரியைப் பார்த்தாள்.

கிளடிஸ் அன்ரி துணிப்பையைத் திறந்து, முழுக்கை தைத்த சிவப்பு ஜேர்சி ஒன்றை எடுத்து, அவள் தோளோடு வைத்து அளவு பார்த்தார்.