குழி பறிக்கும் கை

"குழி பறிக்கிறதுல உன்னை அடிச்சுக்க ஆளே கிடையாது சகலை."

பெரியவர் சொன்னதுதான் தாமதம், சின்னவரின் கை லீவரில் எசகுபிசகாகப் பட்டுவிட்டது. பொக்லைனின் இரும்புக் கை ஒரு குலுக்குக் குலுங்கி, அள்ளின மண்ணையெல்லாம் பாதி வழியிலேயே கொட்டியது.

"பதறாதீங்க சார். மெதுவா, மெதுவா" என்றது கேபினுக்குள் இருந்த வாக்கிடாக்கி. இது பயிற்சியாளரின் குரல். பெரியவர் கீழே அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் கையிலிருந்த வாக்கிடாக்கியை வாங்கி வாங்கிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஆசைப்பட்டவர்கள் பொக்லைன் ஓட்டிப் பார்ப்பதற்கென்றே இருக்கிற மைதானம் அது. தோண்டலாம், மூடலாம், மறுபடியும் தோண்டலாம். ஒருத்தரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வளர்ந்த ஆம்பிளைகள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மண்ணில் விளையாடுகிற கூத்தை, மனைவிமார் பக்கத்தில் நின்று பார்த்துச் சிரிக்கலாம்.

அக்காவைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர். இருவருக்கும் ஒரே அட்டைப்பெட்டி கம்பெனியில், ஒரே வெட்டு மெஷினில் வேலை. சூப்பர்வைசர் வேலை காலியானபோது, அது மூத்தவரான பெரியவருக்குத்தான் என்று கம்பெனியே பேசிக்கொண்டது. கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது சின்னவரின் பெயர். அதைக் கொண்டாடத்தான் இன்றைக்கு இந்த பொக்லைன் சவாரி, பெரியவர் செலவில்.

சின்னவருக்குத்தான் எதுவும் ருசிக்கவில்லை. பெயர் வருவதற்கு முன்னால் மேனேஜர் அறைக்குப் போய், "பெரியவருக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியல சார். போன லோடுல அளவு மாத்தி வெட்டினதுகூட அவர்தான்" என்று வத்தி வைத்துவிட்டு வந்தவர் அவர். அளவு மாற்றி வெட்டியது சாட்சாத் சின்னவரேதான். மேனேஜர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்து, "சரி, போங்க" என்று மட்டும் சொன்னார்.

வாக்கிடாக்கி மறுபடி கரகரத்தது. "இன்னும் ஆழமாப் பறி சகலை. உனக்கு நான் சொல்லியா தரணும்?"

மனுஷன் வெள்ளந்தியாகப் பேசுகிறாரா, தெரிந்துகொண்டு குத்துகிறாரா? சின்னவர் வாக்கிடாக்கியின் பொத்தானை அமுக்கினார். "என்ன சகலை, திடீர்னு இங்க கூட்டிட்டு வந்துட்டீங்க?"

"திடீர்னா? போர்டுல உன் பேரை ஒட்டறதுக்கு முன்னாடியே டிக்கெட் போட்டாச்சு. லீவு நாள்ல லேசுல கிடைக்குமா?"

ஒட்டுவதற்கு முன்னாடியே. அப்படியென்றால் மேனேஜர் வாயைத் திறந்திருக்கிறார். பெயரைச் சொன்னவர் மற்றதைச் சொல்லாமலா இருந்திருப்பார்? சின்னவருக்கு உடம்பெல்லாம் கூசியது. எல்லாம் தெரிந்திருந்தும் ஒரு வார்த்தை திட்டாமல், காசைப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்து கைதட்டுகிறாரே இந்த மனுஷன்.

கீழே சின்னவரின் மனைவி செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பெரியவர் அவளிடம் ஏதோ சொல்லி, மேலே கையைக் காட்டிச் சிரித்தார். தனக்கே வேலை கிடைத்த மாதிரி ஒரு பூரிப்பு அந்த முகத்தில்.

அதற்கு மேல் சின்னவரால் தாங்க முடியவில்லை. இன்ஜினை அணைத்தார். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னால்தான் உண்டு. வாக்கிடாக்கியை வாயருகே வைத்தார். பொத்தானை விட்டால் பதில் வந்துவிடும் என்று விடாமல் அமுக்கிக்கொண்டே பேசினார்.

"சகலை, நீங்க குத்திக் காட்டறது நியாயந்தான். உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு மேனேஜர்கிட்ட போட்டுக் குடுத்தது நான்தான். அந்த லோடு நான் கெடுத்தது. உங்க தலையில கட்டிட்டேன். அந்த வேலை உங்களோடது. நான் தட்டிப் பறிச்சுட்டேன். நான் பண்ணினது ஈனத்தனம் சகலை. என்னை மன்னிச்சிடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் கீழே பார்த்தார். வாக்கிடாக்கி பெரியவருக்கு மட்டுமா கேட்கும்? பயிற்சியாளர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காக்காரி வாயில் கையை வைத்திருந்தாள். மனைவியின் செல்போன் மெல்லக் கீழே இறங்கியது. அவள் அவரைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை.

பெரியவரின் முகத்தில் அந்தச் சிரிப்பைக் காணோம். கோபம் வந்திருந்தாலாவது தேவலை. ஒன்றும் விளங்காதவராக வாக்கிடாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சின்னவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். இரைச்சலுக்கு நடுவே பெரியவரின் குரல், மிகவும் தாழ்ந்து:

"உன்னைப் போடுங்கன்னு மேனேஜர்கிட்ட மொதல்ல போய்ச் சொன்னதே நான்தானே சகலை."