முதல் குடம்

டேங்க் ஆபரேட்டர் ஸ்டீபன்ராஜ் ஊர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்கும் நாளெல்லாம், சவுரியம்மாள் முதல் குடத்தை வாசலில் கவிழ்த்துவிட்டுக் கத்துவாள்: "மனுசன் குடிப்பானாடா இத்த?"

அவளை அடக்கம் செய்து நாற்பது நாளாகிறது. வீட்டுச் சாவி திண்டிவனத்தில் மகளிடம் இருக்கிறது. போன வாரம் பவுடர் கலந்தபோதும் அந்த வாசல் நனைந்து, பிளீச்சிங் வாடை அடித்தது.

இந்த வாரம் ஸ்டீபன்ராஜ் பவுடரில் ஒரு டம்ளர் குறைத்தான். வாசல் காய்ந்து கிடந்தது. ஆனால் தெருக்குழாய்த் தண்ணீரில் சோதனைச் சொட்டு விட்டபோது மஞ்சள் நிறம் ஏறவில்லை, மருந்து போதவில்லை. மறுபடி தொட்டி மேல் ஏறி, குறைத்த டம்ளரையும் கலக்கினான்.

பூட்டிய கதவருகே போய், "கோச்சிக்காத அத்தே. புள்ளைங்க குடிக்கிற தண்ணி" என்றான்.

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்து அவன் காலை நனைத்தது. குப்பியில் கொஞ்சம் எடுத்துச் சொட்டு விட்டான்.

மஞ்சள் சரியாக ஏறியது.