ஊசிக் கோபம்

சேனாதிபதி வாசற்படியில் கால் வைத்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து ஒரு பித்தளைச் செம்பு பறந்து வந்தது. அவர் குனிந்துகொண்டார். செம்பு அவருக்கு முன்னாலேயே இறங்கி, அங்கே விரித்திருந்த சாக்கின் மேல் விழுந்து உருண்டது.

"எவன்லே அது? பழனிக்காரனா? அழுகுன வாழப்பழத்தப் பெசஞ்சு பஞ்சாமிர்தம்னு விக்கிற களவாணிதானே நீ! உள்ள வந்தே, மீசையில ஒரு மயிரு மிஞ்சாது!"

கத்தியவர் சுவாமிநாதன். சேனாதிபதியின் தங்கை வள்ளியைக் கட்டியவர். தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம், ஊரில் மரியாதை. கல்யாணமான நாளிலிருந்து மச்சானிடம் "வாங்க", "உக்காருங்க" என்பதற்கு மேல் குரல் உயர்த்தியறியாத மனுஷன்.

கழுத்தில் கட்டி வந்து, புற்றுநோய் என்று தெரிந்து, மதுரை டாக்டர் ஊசி போட ஆரம்பித்திருந்தார். அறுபத்தாறாம் வருஷத்தில் அப்படி ஊசி போட்டுக்கொண்டவர் அந்த மலையிலேயே அவர் ஒருவர்தான்.

சேனாதிபதி மெல்லத் தலையை நீட்டிப் பார்த்தார். கட்டிலில் மாப்பிள்ளை பாதியாக இளைத்து உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு முடி இல்லை. பழனியிலேயே கடை வைத்திருக்கும் மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பழனி மலை ஏறாமலே மொட்டை.

"மாப்ள..." என்றார். ஜீப்பில் குளிர்காற்று வாங்கிய மூக்கு கூடவே ஒரு தும்மல் போட்டது.

அவ்வளவுதான். தட்டு, டம்ளர், தலையணை எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பி வந்தன.

வள்ளி ஓடிவந்து அண்ணனை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஊசி போட்டதுலருந்து இப்பிடித்தாண்ணே. முடி கொட்டும், வாந்தி வரும்னாங்க. இந்தக் கோட்டி பிடிச்ச கோவத்த மட்டும் யாரும் சொல்லல. ஆளக் கண்டாலே ஆக மாட்டேங்குது. நீங்க வெரசா கெளம்புங்க."

"டாக்டர்ட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஊசி முடிஞ்சா கோவமும் எறங்கிரும்னாரு."

சேனாதிபதி அவசரமாக வெளியே நடந்தார். செம்பை நினைத்து அல்ல. பஞ்சாமிர்த விஷயம் மாப்பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்து.

வீட்டைச் சுற்றிப் பக்கவாட்டில் வந்தவர், மூச்சு வாங்கியதால் ஜன்னலுக்குக் கீழே கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்தார். உள்ளே பேச்சு கேட்டது. சாதுவான குரல்.

"மச்சான் போயிட்டாரா?"

"போயிட்டாரு. ஆனாலும் ரெம்ப வஞ்சிட்டீக."

"நீதானடி நல்லா வையச் சொன்னே? வாயெல்லாம் புண்ணு. கத்துனா நெருப்பா எரியுது."

"இந்தாங்க, உப்புத் தண்ணி. கொப்பளிச்சிட்டு, ஆறுன கஞ்சியக் குடிங்க."

கொப்பளிக்கும் சத்தம். பிறகு சுவாமிநாதனின் குரல் உடைந்து வந்தது. "மச்சானப் பாத்து எம்புட்டு நாளாச்சு! பக்கத்துல உக்கார வச்சுப் பேசணும்போல இருந்துச்சு, வள்ளி."

"எனக்கு மட்டும் இருக்காதா? போன ஊசிக்கு ஒங்க சின்னம்மா வந்து, பக்கத்துல உக்காந்து இருமிட்டுப் போனாக. அந்தக் காச்சல்ல நீங்க கெடந்த கெடப்புக்கு டாக்டரே கைய விரிச்சிட்டாரு. ஊசி போட்டா கொஞ்ச நாளைக்கு நோய எதுக்குற சத்தே ஒடம்புல இருக்காது, அடுத்தவுக சளி ஒண்ணு போதும், ஆளுகள அண்டவிடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்ல?"

"அதையே சொல்லி, வராதீகன்னு சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னேனே! அம்புட்டு முடியலையான்னு கேட்டு இன்னும் ரெண்டு பேரச் சேத்துக் கூட்டிட்டு வந்தாக. வாசல்ல மறிச்சா ஆயுசுக்கும் பேச மாட்டாக. கோட்டி பிடிச்சு வஞ்சா யாரும் கோவிச்சுக்க மாட்டாக."

"இருந்தாலும் பஞ்சாமிர்தத்தச் சொல்லிருக்கக் கூடாது."

"அது நெசந்தானே."

ஜன்னலுக்குக் கீழே சேனாதிபதிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. இரண்டுக்கும் நடுவில் மூக்குக்குள் அடுத்த தும்மல் புறப்பட்டது. அவர் மூக்கை இறுக்கிப் பிடித்து, துண்டை வாயில் திணித்துக்கொண்டு, காப்பிச் செடிகளுக்குள் புகுந்து ஓடினார். வேலியைத் தாண்டிய பிறகுதான் தும்மினார்.

ஜீப் நிற்கும் இடத்துக்கு வந்தால், ஒரு கூட்டமே இறங்கிக்கொண்டிருந்தது. ஒட்டன்சத்திரத்து அத்தை பாப்பம்மாள், அவள் மக்கள், மருமக்கள். ஆளாளுக்குக் கையில் ஒரு பை, மூக்கில் சளி. கடைசியாக இறங்கியவர் இருமிய இருமலில் ஜீப்பே குலுங்கியது.

"வாய்யா சேனாதிபதி! சாமிநாதன் எப்பிடி இருக்கான்?" என்றாள் அத்தை, மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டே. "பாவம், வள்ளி ஒத்தையில கெடந்து அல்லாடுவா. அதான் ஒரு வாரம் கூடவே இருந்து பாத்துட்டுப் போலாம்னு எல்லாரும் கெளம்பி வந்துட்டோம்."

சேனாதிபதி அவர்களை ஒருமுறை பார்த்தார். தங்கை வீட்டுப் பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒரு கீறல்கூட இல்லாத தன் வலது கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

"கடிக்கிறான், அத்தே!"