மில்லின் புகை

புகைபோக்கியில் புகை வரும்வரை அந்த மில் ஓடுவதாகக் கணக்கு. ஓடுகிற மில்லிடம் யாரும் கடனைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. அதை எதிர்த்துக் கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். மில் ஓடுகிறதா என்று இன்று கோர்ட் கமிஷனர் பார்வையிட வருகிறார். வீட்டை அடகு வைத்து மில்லுக்குப் பணம் கொடுத்திருந்த மரியசெல்வம் பின்சுவர் ஏறிக் குதித்து, தொட்டியில் ஒரு வாளித் தண்ணீர் மொண்டுகொண்டு பாய்லர் அறைக்குள் நுழைந்தான். அவன் வீடு ஏலத்துக்கு வந்துவிட்டது.

அடுப்பின் முன்னால் அவன் மச்சான் இஸ்ரவேல் ஒரு மர முக்காலியில் உட்கார்ந்து, கூடையிலிருந்து நூல் சுற்றும் பழைய பாபின் கட்டைகளைத் தீயில் போட்டுக்கொண்டிருந்தான்.

“நீயும் இங்க பணத்தக் கொடுத்தவன்தான மச்சான். முதலாளிக்கு எதுக்கு இந்த ஊழியம்?”

“முதலாளிக்கு இல்லடே. புகை நின்னா முதல்ல பேங்க்காரன் வருவான். எல்லாத்தையும் வழிச்சிட்டுப் போயிருவான். நமக்கு என்ன மிஞ்சும்?”

“இப்ப மட்டும் என்ன மிஞ்சுது?”

“கேஸு மிஞ்சுதுல்லா.”

வாசலில் கார் ஹாரன் கேட்டது. இஸ்ரவேலின் கூடை காலியாகியிருந்தது. தீ தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது. மரியசெல்வம் வாளியைக் கீழே வைத்தான்.

“எந்திரி மச்சான்” என்றான், இஸ்ரவேல் உட்கார்ந்திருந்த மர முக்காலியைப் பார்த்தபடி.