நிலைமின்னியல் பாடத்தன்று பெண் பார்க்க வந்தார்கள்

அந்த ஆண்டு வந்த மேல்நிலைப் பள்ளி இயற்பியல் புத்தகத்தைச் சத்தம்போட்டுப் படித்தால், படித்ததை வீடே செய்து காட்டிவிடும். மேகவர்ணா உராய்வில்லாத தளத்தைப் படித்தபோது, அவளுடைய அப்பா சாம்பார்ச் சட்டியோடு சமையலறையிலிருந்து வாசல்வரை வழுக்கிக்கொண்டே போனார். இயந்திரவியல் ஒருவழியாக முடிந்த வாரம், அக்கா பூங்கோதையைப் பெண் பார்க்க வந்தார்கள்.

"இன்னிக்கு மட்டும் புத்தகத்த மூடி வையேன்டி," என்று அம்மா கெஞ்சினாள்.

"நாளைக்கு டெஸ்ட்மா. மெதுவாப் படிக்கிறேன்," என்று மேகவர்ணா உள்ளறைக்குப் போனாள்.

மாப்பிள்ளை குமரகுரு காபியை வாயருகே கொண்டுபோனபோது உள்ளிருந்து குரல் வந்தது: "ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும்."

எல்லோருடைய முடியும் குத்திட்டு நின்றது. மாப்பிள்ளையின் முடி மட்டும் மொத்தமாகக் கிளம்பிப் போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டது.

அவன் வழுக்கையைத் தடவிப் பார்த்தான். "கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேங்க," என்று சொல்லிவிட்டு அவனே முதலில் சிரித்தான்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பூங்கோதை நிமிர்ந்தாள். "எனக்குச் சம்மதம்ப்பா."

மாப்பிள்ளையின் அப்பா உள்ளறைப் பக்கம் திரும்பினார். "அடுத்து என்ன பாடம்மா?"

"காந்தவியல், மாமா."

"அப்ப முகூர்த்தம் பரீட்சைக்கு அப்புறம்தான்," என்று அவசரமாக எழுந்தார். "என் முழங்கால்ல இரும்பு வச்சிருக்காங்க."