இருதயம்மாளின் மன்னிப்பு

இருதயம்மாள் இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சிலுவைராஜ்தான் முதலில் மைக்கைப் பிடித்தார்.

"இருதயம்மாக்கா எனக்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் முன்பு சூப்பர்வைசர். இப்போது கோயில் கமிட்டித் தலைவர். அவர் அழுதால் கூடச் சேர்ந்து அழ நாலு பேர் உண்டு.

முன்வரிசையில் உட்கார்ந்து ஷிஜி கேட்டுக்கொண்டிருந்தாள். தாயில்லாத அவளை வளர்த்து ஆளாக்கியது அத்தை இருதயம்மாள்தான்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் எந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் செபமாலையோடு போய்த் தலைமாட்டில் உட்கார்ந்துவிடுவாள் அத்தை. மழையோ பனியோ, காலைப் பூசைக்கு அவள் வராத நாளில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன், ஏலச்செடிக்கு மருந்து அடித்துவிட்டு வந்த மாமா, வாயில் நுரை தள்ளி வாசலிலேயே விழுந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து ஜீப்பைக் கேட்டால், ரிப்பேர் என்று சிலுவைராஜ் கையை விரித்துவிட்டார். தோளில் சுமந்து பாதி மலை இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது.

ஷிஜி எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

"அத்தை தினமும் சூப்பர்வைசர் ஐயாவுக்காகச் செபம் பண்ணுவாங்க. அன்னைக்கு ஜீப்புல ஏலக்காய் மூட்டைய ஏத்தி அனுப்பிட்டு ரிப்பேருன்னு சொன்னாருல்லா, அதை மன்னிச்சிட்டாங்க. எல்லார் முன்னாலயும் இதைச் சொல்லச் சொன்னாங்க."

சிலுவைராஜின் மகன் அருள்குமார் மெல்லத் திரும்பினான். "ஜீப்பு ரிப்பேர் இல்லையாப்பா?"

மன்னிப்பை வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாங்கிக்கொள்ளவும் முடியாது. சிலுவைராஜ் எழுந்தார். "மார்க்கெட்டுக்கு நேரமாயிருச்சுன்னுதான்..." என்று ஆரம்பித்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாமாவைத் தோளில் சுமந்த சூசையப்பன் பின்வரிசையிலிருந்து எழுந்து வெளியே நடந்தார். அவர் பின்னால் இன்னொருவர். பிறகு ஒரு பெஞ்சே எழுந்தது.

அருள்குமாரும் எழுந்தபோதுதான் ஷிஜி மைக்கைக் கீழே வைத்தாள்.

அத்தை சாவதற்கு முந்தின நாள், ஃபாதர் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு நற்கருணை கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய பைக் சத்தம் வளைவைத் தாண்டும்வரை அத்தை கண்ணை மூடியே கிடந்தாள்.

பிறகு ஷிஜியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"மூட்டையோட ஜீப்பு போனதை இந்தக் கண்ணால பாத்தேன்டி. லயத்து வீடு போயிரும், ஒன் படிப்பு நின்னுரும்னு வாயை மூடிக்கிட்டேன். நீ இப்ப சொந்தக் கால்ல நிக்கிற. கோயில்ல வச்சு, நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லு."

"மன்னிச்சிட்டீங்களா அத்தை?"

"இல்ல" என்றாள் இருதயம்மாள். "ஏசுனா எதுத்துப் பேசிருவான். மன்னிச்சா என்ன பேசுவான்?"