மாதுளந்தோல் மஞ்சள்

"என் அண்டாவுல இரும்பை விட்டது யாரு?"

பெரிய மருமகள் போட்ட சத்தத்தில் அடுப்படியே கிடுகிடுத்தது.

அண்டாவில் மாதுளந்தோல் சாயம். அதில் ஊறிய பட்டுப்புடவை இளவெயில் போல மஞ்சளாக வந்திருக்க வேண்டும். மழைமேகம் போலக் கறுத்துக் கிடந்தது. அந்தச் சாயத்தில் இரும்பு பட்டால் அவ்வளவுதான், மஞ்சள் செத்துப்போகும்.

அதுவும் யாருடைய புடவை! கல்யாணப் பெண் ஒருத்தி, இறந்துபோன தன் அம்மாவின் வெள்ளைப் பட்டுப்புடவையைச் சாயம் போட நம்பிக் கொடுத்திருந்தாள்.

சின்ன மருமகள் கையில் இரும்புக் கரண்டி சொட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான்க்கா. தெரியாம கிளறிட்டேன்."

"தெரியாமலா? மரக்கரண்டிதான் போடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! எனக்கு நாலு பேர் மத்தியில நல்ல பேர் வந்தா உனக்கு வயித்தெரிச்சல். இப்ப குளுகுளுன்னு இருக்குமே?"

சின்னவள் கரண்டியைக் கழுவப் போட்டாள்.

"என்னம்மா சத்தம்?" கூடத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்ல மாமா. உங்க மறதி ஒண்ணு போதாதுன்னு இவளும் சேர்ந்துக்கிட்டா. நேத்து சொன்னது ஞாபகம் இருக்கட்டும். இன்னொரு தடவை அடுப்படியில கை வெச்சீங்கன்னா முதியோர் இல்லந்தான்!"

அன்றோடு மருமகள்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. கடைசியில் கொழுந்தன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான்.

கிளம்பும்போது, "வரேன்க்கா. மாமாவைப் பார்த்துக்குங்க" என்றாள் சின்னவள்.

பெரியவள் சாயத்துக்கு வெங்காயத்தோலை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

அதற்குப் பிறகு இன்றுதான் மறுபடி மாதுளந்தோல் போட்டாள். மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கி வந்தவள், அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மாமனார் இரும்புக் கரண்டியால் அண்டாவை அக்கறையாகக் கிளறிக்கொண்டிருந்தார்.

"மாமா! என்ன பண்றீங்க?"

"அடிப்பிடிக்குதும்மா. நீ பாட்டுக்கு அடுப்புல வெச்சுட்டுப் போயிடறே. அன்னிக்கும் நான்தானே வந்து கிளறினேன்."

"என்னிக்கு?"

"அந்தப் பட்டுப்புடவையை. சின்னவ ஓடி வந்து கரண்டியைப் பிடுங்கிக்கிட்டா. 'அக்காவுக்குத் தெரிஞ்சா உங்களை இல்லத்துல விட்டுடுவாங்க. நான் பார்த்துக்கறேன், நீங்க இதை மறந்துடுங்க மாமா'ன்னா."

பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அண்டாவில் மஞ்சள் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டிருந்தது.

மாமனார் தப்புச் செய்த பிள்ளையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"காலையில சாப்பிட்டேனாங்கிறதுகூட மறந்துபோகுதும்மா. அவ சொன்ன இந்த ஒண்ணை மட்டும்தான் மறக்க முடியல."